பதற்றத்துக்கான கவுன்சிலிங் நகராமல் நிற்கிறது: தெரபிஸ்ட்டை மாற்றலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கும்பகோணத்தில் வீடு, தஞ்சாவூரில் வேலை. போன ஆண்டு பஸ்ஸில் பாபநாசம் தாண்டும்போது நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கை மரத்துப்போய், செத்துவிடுவோம் என்று தோன்றியிருக்கிறது. ஈசிஜி, எக்கோ எல்லாம் சரியாகவே இருந்தன. அன்றோடு பஸ் ஏறுவதை விட்டுவிட்டீர்கள். கணவர்தான் காரில் கொண்டுபோய் விடுகிறார். எட்டு மாதமாகத் தஞ்சையில் ஒரு சைக்காலஜிஸ்ட்டிடம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போகிறீர்கள். “பேசிவிட்டு வந்தால் இரண்டு நாள் மனசு லேசாக இருக்கிறது, அப்புறம் பழையபடிதான். அவங்க நல்லவங்க, குறை சொல்ல வாய் வரல. ஆனா மாத்திடலாமான்னு இருக்கு” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வாரமே மாற்ற வேண்டாம். அதேசமயம் இப்போது போவதுபோலவே இன்னொரு மாதம்கூடப் போக வேண்டாம். நான்கு செஷன் கெடு வையுங்கள். அந்த நான்கில் என்ன மாற வேண்டும், எதை வைத்து அளப்பது, மாறாவிட்டால் எப்படி விலகுவது என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. மூன்று வாரத்துக்கு ஒன்று என்றால் எட்டு மாதத்தில் சுமார் 11 செஷன். தீபாவளிக்கும் ஐப்பசி மழைக்கும் இரண்டு தவறியிருந்தால் 9. பிரிட்டனின் நைஸ் அமைப்பு தரும் வழிகாட்டுதலில், உங்களுக்கு வந்ததுபோன்ற திடீர்ப் பயத் தாக்கத்துக்கான, அதாவது பேனிக் பிரச்சினைக்கான, அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு (சிபிடி) மொத்தம் 7 முதல் 14 மணி நேரம் என்று இருக்கிறது. பெரும்பாலும் வாரம் ஒருமுறை, நான்கு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். எதற்கெடுத்தாலும் ஓயாமல் கவலைப்படும் பொதுப் பதற்றக் கோளாறுக்கு வாரம் ஒரு மணி நேரம் வீதம் 12 முதல் 15 செஷன். ஆகவே பேனிக் என்று பார்த்தால் உங்கள் எண்ணிக்கை குறைவில்லை, இடைவெளிதான் அதிகம். மூன்று வார இடைவெளியில், போன முறை எடுத்த பயிற்சி சூடு ஆறிவிடும். ஒவ்வொரு முறையும் “நடுவுல என்ன நடந்துச்சு” என்று கேட்பதிலேயே அரை மணி ஓடிவிடும். நாற்பது கிலோமீட்டர் போய்வர வேண்டியிருப்பதால் நீங்களே கேட்ட இடைவெளியா, அவர் சொன்னதா என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் கேட்டது என்றால், தெரபிஸ்ட்டை மாற்றும் முன் இடைவெளியை மாற்ற வேண்டும்.

அடுத்தது, அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்ன நடக்கிறது என்பது. இதைத்தான் மிக உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். பதற்றத்துக்கான சிகிச்சை ஒழுங்காக நடந்தால் செஷனின் தொடக்கத்தில் போன வார வீட்டுப்பாடத்தைப் பார்ப்பார்கள். இன்று எதை எடுத்துக்கொள்வது என்று இருவருமாக முடிவு செய்வார்கள். நடுவில் பேச்சோடு நிற்காமல் ஏதாவது ஒன்றைச் செய்து பார்ப்பார்கள். கடைசியில், அடுத்த முறைக்குள் எங்கே, எத்தனை தடவை, என்ன செய்வது என்று எழுதிக்கொள்வீர்கள். உங்கள் கடைசி மூன்று செஷன்களை நினைத்துப் பாருங்கள். அலுவலகம், மாமியார், பிள்ளையின் பரீட்சை என்று மனத்தாங்கல்களைக் கொட்டிவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி செய்துவிட்டு வந்திருந்தால், உங்களுக்குக் கிடைத்தது ஆறுதல். ஆறுதலும் தேவைதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பஸ் பயத்தை அது தொடுவதே இல்லை. இரண்டு நாள் லேசாக இருந்து மூன்றாம் நாள் பழையபடி ஆவது இதனால்தான்.

காரணத்தைச் சொல்கிறேன். பேனிக் எப்படி நிலைத்து நிற்கிறது என்பதற்கு டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986இல் தந்த விளக்கம்தான் இன்றும் சிகிச்சைக்கு அடிப்படை. நெஞ்சு வேகமாக அடிக்கிறது. “ஹார்ட் அட்டாக்” என்று மனம் படிக்கிறது. அந்தப் பயத்தில் அட்ரினலின் சுரந்து நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. “பார், நினைத்தது சரிதான்” என்று பயம் இரட்டிப்பாகிறது. இந்தச் சுழலில் மாற்ற வேண்டியது, படபடப்பை மனம் இப்படித் தவறாகப் படிப்பதைத்தான். இது மாரடைப்பு இல்லை, உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும் என்பதை உடம்பு நேரில் கண்டால்தான் நம்பும். பேனிக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கும். நீங்களோ பாபநாசத்தில் பயம் உச்சத்தில் இருக்கும்போதே பஸ்ஸைவிட்டு இறங்கிவிட்டீர்கள். “இறங்கியதால்தான் பிழைத்தேன்” என்பதைத்தான் உடம்பு கற்றுக்கொண்டது. அதன் பிறகு காரில் போன ஒவ்வொரு நாளும் அந்தப் பாடத்துக்கு ஒரு மறுவாசிப்பு.

உங்கள் கைப்பையில் என்ன இருக்கிறது? தண்ணீர் பாட்டில், குடும்ப மருத்துவர் எப்போதோ எழுதிக்கொடுத்த 0.25 மில்லிகிராம் அல்பிரசோலம் என்ற பதற்றத்தை அமர்த்தும் மாத்திரை அட்டை, அவசரத்துக்கு அழைக்கக் கணவர் எண் முதலில் வருமாறு வைத்த போன். பஸ்ஸில் ஏறினாலும் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டுதான் தேடுவீர்கள். இவற்றைக் காப்புப் பழக்கங்கள் என்பார்கள். இவை கையில் இருக்கும்வரை, எதுவும் ஆகாமல் ஊர் போய்ச் சேர்ந்தாலும் அந்தப் பெருமை பாட்டிலுக்கும் அட்டைக்கும் போய்விடும். மூச்சுப் பயிற்சியும் இப்படி ஒரு தாயத்தாக மாறிவிடுவதுண்டு: “நல்லவேளை, மூச்சை இழுத்து விட்டேன், இல்லாட்டி மயங்கியிருப்பேன்.” உண்மையில் பேனிக் வரும்போது ரத்த அழுத்தம் பெரும்பாலும் ஏறத்தான் செய்யும், மயங்கி விழுவது அரிது. ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் பயப்படுகிறவர்கள் வேறு வகை, அவர்களுக்கு அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம்.

உங்களுக்கு நடந்திருக்க வேண்டியது எக்ஸ்போஷர். பயப்படும் இடத்துக்குப் படிப்படியாகப் போய், பயம் இருக்கும்போதே அங்கே இருந்து பார்ப்பது. உங்கள் வழித்தடமே ஏணிபோல அமைந்திருக்கிறது. முதல் படி, கும்பகோணம் பஸ் நிலையத்தில் நிற்கும் வண்டியில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு இறங்குவது. இரண்டாவது தாராசுரம்வரை. மூன்றாவது சுந்தரபெருமாள்கோவில். நான்காவது பாபநாசம், இது கடினமான படி, முதல் தடவை அட்டாக் வந்த இடம் என்பதால் இங்கே இரண்டு வாரம்கூட ஆகலாம். பிறகு அய்யம்பேட்டை, பிறகு தஞ்சாவூர். முதலில் கூட்டமில்லாத மதிய நேரம், பிறகு காலை எட்டரை மணிக் கூட்டம். முதலில் கணவர் பின்னால் காரில் வரலாம், அடுத்து அவர் வீட்டில் இருக்க வேண்டும், கடைசியில் போனை அணைத்துப் பையில் போட்டுவிட வேண்டும்.

ஒவ்வொரு படியையும் ஒரே வாரத்தில் மூன்று நான்கு தடவை செய்தால்தான் பலன். மாதம் ஒருமுறை செய்தால் ஒவ்வொரு தடவையும் முதல் தடவையாகவே இருக்கும். ஏறுவதற்கு முன் ஒரு சின்ன நோட்டில் இரண்டு வரி: “என்ன ஆகும் என்று பயப்படுகிறேன், அதை நூற்றுக்கு எத்தனை நம்புகிறேன்.” இறங்கியதும் இரண்டு வரி: “என்ன ஆனது, இப்போது எத்தனை நம்புகிறேன்.” நிறுத்தம் வந்ததால் இறங்க வேண்டும், பயம் வந்ததால் இறங்கக் கூடாது. இறங்கிவிட்டால் குற்றமில்லை, அன்றைக்கே அடுத்த வண்டியில் ஏறி அதே தூரத்தைப் போய்விடுங்கள். தள்ளிப்போட்டால் பயந்து இறங்கியது மனதில் கெட்டிப்படலாம். இதோடு கிளினிக்கிலேயே படபடப்பை வரவழைத்துப் பார்க்கும் பயிற்சியும் உண்டு: ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு விடுவது, மாடிப்படி ஓடி ஏறுவது, சுழல் நாற்காலியில் சுற்றுவது. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

ஒன்பது செஷனில் இப்படி ஓர் ஏணி எழுதப்படவே இல்லை என்றால், உங்கள் சிகிச்சை நிற்கவில்லை, இன்னும் தொடங்கவே இல்லை. இப்படிப் பார்த்தால் மனம் உடைய வேண்டியதில்லை; எட்டு மாதம் செய்தும் பலிக்கவில்லை என்பதைவிட இது நல்ல செய்தி.

இதற்கு நேர் எதிரான நிலையையும் பார்த்துவிடுங்கள். ஏணி எழுதி, பஸ்ஸில் ஏறச் சொன்ன பிறகுதான் “இவர் சரியில்லை” என்ற எண்ணம் வந்ததா? அப்படியானால் அந்த எண்ணத்தைக் கொஞ்சம் சந்தேகியுங்கள். பஸ்ஸைத் தவிர்க்கச் சொல்லும் அதே பயம், பஸ்ஸில் ஏறச் சொல்கிறவரையும் தவிர்க்கச் சொல்லும். பயிற்சியின் முதல் இரண்டு மூன்று வாரங்களில் படபடப்பு கூடத்தான் செய்யும், தூக்கம் கெடலாம். அந்தக் கட்டத்தில் ஆளை மாற்றுகிறவர்கள் புதியவரிடம் மறுபடி முதலிலிருந்து கதை சொல்லி, இரண்டு மாதம் நிம்மதியாக இருந்துவிட்டு, அதே படிக்கட்டில் வந்து மறுபடி நிற்பார்கள். மாற்ற நினைத்த தேதியையும், அதற்கு முந்தைய செஷனில் என்ன செய்யச் சொன்னார் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

சரி, கெடு. அடுத்த செஷனுக்குப் போனதும் முதல் ஐந்து நிமிடத்திலேயே பேசுங்கள். கடைசியில் கதவருகே நின்று சொன்னால் அது காற்றோடு போகும். இப்படிக் கேட்கலாம்: “மேடம், ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. ஒம்பது தடவை வந்துட்டேன், பஸ்ல இன்னும் ஏறல. எனக்கு இருக்கறது என்னன்னு நீங்க நினைக்கிறீங்க? எந்த முறையில பாக்கறோம்? அடுத்த நாலு தடவையில எதை மாத்திப் பண்ணலாம்?” குறை சொல்வதாக அவர் நினைப்பாரோ என்று நம் ஊரில் இதைக் கேட்கவே தயங்குகிறோம். டாக்டரிடமும் வாத்தியாரிடமும் எதிர்க்கேள்வி கேட்காமல் வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நல்ல தெரபிஸ்ட்டுக்கு இந்தக் கேள்வி உதவி. தன்னிடம் வருபவர்களில் யார் முன்னேறவில்லை என்பதைத் தெரபிஸ்ட்டுகள் தாமாகக் கண்டுபிடிப்பது கடினம் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நீங்கள் சிரித்துக்கொண்டே “பரவாயில்ல மேடம்” என்று சொல்லிவிட்டு வந்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலேயே பாதி முடிவு இருக்கிறது. குறிப்பேட்டைத் திறந்து, “ஆமாம், நாம பஸ் பக்கமே போகல, இன்னிக்கே எழுதுவோம்” என்றால் அவரிடமே இருங்கள். இப்படி ஒரு மனத்தாங்கலைப் பேசிச் சரிசெய்த பிறகு உறவு முன்னைவிட உறுதியாவதுதான் வழக்கம். “எனக்கு எக்ஸ்போஷரில் பயிற்சி இல்லை, தெரிந்தவரிடம் அனுப்புகிறேன்” என்றால் அவர் நேர்மையானவர், நன்றி சொல்லிவிட்டுப் போங்கள். “டைம் எடுக்கும்மா” என்று மட்டும் சொல்லி எவ்வளவு காலம், என்ன வழி என்று சொல்லாவிட்டாலோ, “நீங்கதான் முயற்சி பண்ணல” என்று பழியைத் திருப்பினாலோ, நான்கு வரை காத்திருக்காமல் வேறு ஆளைத் தேட ஆரம்பிக்கலாம்.

அளக்க இரண்டு கோல் போதும். ஒன்று ஜிஏடி-7 என்ற கேள்வித்தாள். 2006இல் வெளிவந்தது, தமிழிலும் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஏழு கேள்விகள், மொத்தம் 21 மதிப்பெண். 5 முதல் லேசானது, 10 முதல் நடுத்தரம், 15 முதல் கடுமை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில் போட்டுத் தேதியோடு எழுதுங்கள். நான்கு மதிப்பெண்ணாவது இறங்கினால்தான் மாற்றம் என்று சொல்ல முடியும். ஒன்றிரண்டு ஏறி இறங்குவதெல்லாம் அந்த வாரத்துத் தலைவலியாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் விஷயத்தில் இது மட்டும் ஏமாற்றும்: பஸ்ஸே ஏறாதவருக்குப் பதற்றம் குறைவாகத்தானே இருக்கும். அதனால் இரண்டாவது கோல்தான் முக்கியம்: இந்த வாரம் எத்தனை தடவை பஸ் ஏறினீர்கள், எந்த ஊர்வரை, கையில் எதை வைத்துக்கொண்டு. நான்கு வாரச் செஷன் முடிவில் குறைந்தது இரண்டு படி ஏறியிருந்தால் தொடருங்கள், மதிப்பெண் இறங்காவிட்டாலும்கூட.

ஆளை மாற்றியும் தீராதவை சில உண்டு. தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு ஆகியவை படபடப்பைத் தரும். டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு பரிசோதனை, ஹீமோகுளோபின் பார்த்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கும்பகோணத்தில் இருந்துகொண்டு காபியை விடச் சொன்னால் கோபம் வரும், தெரிந்தேதான் சொல்கிறேன்: நாளைக்கு நான்கு டம்ளர் டிகிரி காபி இதயத் துடிப்பை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டாக்கி, மாலை நான்குக்குப் பிறகு வேண்டாம் என்று வையுங்கள்; திடீரென நிறுத்தினால் தலைவலிக்கும். பஸ் பயத்துக்கு அடியில் வேறொன்று இருக்கலாம் என்பதையும் கேட்டுப் பாருங்கள்: திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் ஓசிடி, மனச்சோர்வு, பழைய விபத்தின் அதிர்ச்சி. நாகைக் கரையில் 2004 சுனாமியைப் பார்த்தவர்களுக்கும், 2018 கஜா புயலில் வீடும் தென்னையும் இழந்தவர்களுக்கும் “சும்மா பதற்றம்” என்று பெயர் வைத்துவிட்டால் சிகிச்சை தடம் மாறிப்போகும். மேட்டூரில் தண்ணீர் திறப்பார்களா, கடன் அடையுமா என்ற கவலையும் அப்படித்தான். நிஜமான கவலைக்கு எக்ஸ்போஷர் மருந்தில்லை, அதற்குப் பணக்கணக்கும் ஆள் துணையும் வேண்டும்.

மாத்திரை பற்றி. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்றவை முழுப் பலனைக் காட்டச் சரியான அளவில் ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்குப் பன்னிரண்டு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரத்தில் படபடப்பு கூடுவதும் உண்டு. பத்து நாள் போட்டுவிட்டு “கேட்கல” என்று நிறுத்தியதைச் சிகிச்சை தோற்றதாக எண்ணக் கூடாது. அல்பிரசோலம், குளோனசெபம் வேறு ரகம். உடனே அமர்த்தும், சில வாரங்களிலேயே பழகிவிடும். அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் பயிற்சியின் பலன் குறையும். தினமும் போடுகிறவர்கள் தாமாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, வலிப்புகூட வரலாம்; மனநல மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

உறவு சரியில்லை என்பதும் மாற்றுவதற்கு முழுக் காரணம்தான். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் இந்த உறவை மூன்றாகப் பிரித்தார்: எங்கே போகிறோம் என்பதில் ஒப்புதல், எப்படிப் போகிறோம் என்பதில் ஒப்புதல், இருவருக்கும் இடையே உள்ள பிடிப்பு. உங்களுக்கு மூன்றாவது நன்றாக இருக்கிறது, முதல் இரண்டும் இல்லை. சிலருக்கு மூன்றாவதே இராது. டெல்டாவில் அதற்கு நம் ஊருக்கே உரிய காரணங்கள் உண்டு. “எந்த ஊரு, எந்தத் தெரு, யார் வீட்டுப் பொண்ணு” என்று முதல் நாளே கேட்டால், கேட்கப்பட்டது சாதி என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வாய் அப்போதே மூடிக்கொள்ளும். அவர் உங்கள் நாத்தனாருக்குத் தோழி என்று பிறகு தெரியவந்தாலும் அப்படித்தான். இதற்கெல்லாம் நான்கு செஷன் காத்திருக்க வேண்டாம். நீங்கள் சொன்னதை வீட்டாரிடம் உங்களைக் கேட்காமல் சொன்னவர், தொட்டுப் பேசுகிறவர், மருந்தை உடனே தூக்கிப்போடச் சொல்கிறவர், ஏளனம் செய்கிறவர் ஆகியோரிடம் ஒரு தடவைகூட மறுபடி போகக் கூடாது. சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கும் கடமை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

புதியவரைத் தேடும்போது பலகையில் உள்ள பெயரை மட்டும் நம்ப வேண்டாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் சொல்ல வேண்டும். மனநல மருத்துவர் எம்.டி., டி.பி.எம். போன்ற மனநல மருத்துவப் படிப்பு படித்தவர், மாத்திரை எழுதுவார். முன்பதிவுக்குப் போன் செய்யும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: “பஸ்ல பேனிக் வருது. எக்ஸ்போஷர் பண்ணுவீங்களா? எத்தனை செஷன் ஆகும்?” நேரான பதில் வந்தால் போங்கள். தஞ்சை, திருவாரூர், நாகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. மாவட்ட மனநலத் திட்டக் குழு வட்ட மருத்துவமனைகளுக்குக் குறித்த கிழமைகளில் வரும். உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை என்று அங்கேயே கேளுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினாலோ டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழில், கட்டணமில்லை. ஆன்லைன் செஷன் வேதாரண்யத்திலோ முத்துப்பேட்டையிலோ இருப்பவருக்குப் பெரிய உதவி. உங்களுக்கு மட்டும் அதில் ஒரு கண்ணி உண்டு: தஞ்சைக்குப் போகவே வேண்டாம் என்று ஆகிவிட்டால் அதுவும் ஒரு தவிர்ப்புதான். ஆன்லைனில் சேர்ந்தாலும் பஸ் ஏணி நடக்க வேண்டும்.

மாற்றுவது என்று முடிவானால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். ஒரு கடைசிச் செஷன் போய், என்ன நோய் என்று எழுதியிருக்கிறார், எந்தத் தேதியிலிருந்து எத்தனை செஷன், என்னென்ன முறை செய்தார், மாத்திரையின் பெயரும் அளவும் என்ன என்று ஒரு பக்கக் குறிப்பு வாங்குங்கள். அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமை அதே சட்டத்தில் இருக்கிறது. நேரில் சொல்லத் தயக்கம் என்றால் வாட்ஸ்அப்பில் மூன்று வரி போதும்: “மேடம், இவ்வளவு நாள் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. பஸ் பயத்துக்கு வேறு முறையில் முயன்று பார்க்க நினைக்கிறேன். குறிப்பு ஒன்று தர முடியுமா?”

பழையவரை விடுவதற்கு முன்பே புதியவரிடம் தேதி வாங்கிவிடுங்கள். நடுவில் மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. தெரபிஸ்ட்டையும் மாத்திரையையும் ஒரே மாதத்தில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று பிறகு தெரியாது. இருவரிடமும் ஒருவருக்கொருவர் தெரியாமல் போகவும் வேண்டாம். முதல் நாள் புதியவர் மேசையில் அந்தக் குறிப்பையும், பஸ் நோட்டையும், தேதி போட்ட மதிப்பெண்களையும் வைத்து, “பாபநாசம் வரைக்கும் போறேன், அதுக்கு மேல முடியல” என்று அங்கிருந்தே ஆரம்பியுங்கள். அன்று தஞ்சைக்குக் காரில் போனாலும், திரும்பும்போது அய்யம்பேட்டைவரையாவது பஸ்ஸில் வர முடியுமா என்று கணவரிடம் முந்தின இரவே பேசி வையுங்கள்.